சுருளுக்குள் நாலாயிரம் பேர்

லிசியாதே ஏழாவது முறையாகப் பொத்தானை அழுத்தினான். கணிப்பொறி கண் திறக்கவில்லை.

மேலே மின்விசிறி சுற்றியது. விளக்கு எரிந்தது. அறையில் இருந்த ஒரே ப்ளக்கில் கம்பி ஒழுங்காகச் செருகியிருந்தது. அதன் பக்கத்துச் சுவிட்சும் போட்டபடியே இருந்தது. ஆக, கரண்ட் இருக்கிறது. உயிர்தான் இல்லை.

“செத்துப்போச்சு,” என்றான் லிசியாதே. அந்தக் குரலில் துக்கம் இல்லை, கோபம்தான் இருந்தது. அவனைக் கேட்காமல் ஒரு பொருள் எப்படிச் சாகலாம்?

தலைமையாசிரியர் பிலிமோனே கையில் வெண்ணெய் தடவிய ரொட்டியோடு வாசலில் வந்து நின்றார். “யாருப்பா செத்தது?”

“நாலாயிரத்து நூத்தி ஆறு பேரு சார்.”

ரொட்டி பாதி வழியில் நின்றது.

நெயாஃபூ என்ற தீவுத் துறைமுகத்துக்கு மேலே, குன்றில் இருக்கும் அந்தப் பள்ளிக்கூடத்துக்கு இந்த மாதக் கடைசியில் நூறு வயது. அங்கே படித்த அத்தனை பேருடைய பெயர்களையும் ஒரு புத்தகமாகப் போடுவதென்று முடிவாகியிருந்தது. பள்ளி எழுத்தரான லிசியாதே இரண்டு வருடமாகக் கறையான் தின்ற பதிவேடுகளையும் கல்லறைக் கற்களையும் படித்தான். ஆக்லாந்து, சிட்னி, சால்ட் லேக் என்று சிதறிக் கிடந்த குடும்பங்களுக்கெல்லாம் போன் போட்டான். மூன்று வாரத்துக்கு முன்னால்தான் கடைசிப் பெயர் சேர்ந்தது. ஆக்லாந்து அச்சகத்தார் இன்று மாலை ஐந்து மணிவரை காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் போய்ச் சேராவிட்டால் விழாவுக்குப் புத்தகம் கிடையாது.

எழுபத்தைந்தாவது வருடப் புத்தகத்தில் ஒரே ஒரு பெயர் விட்டுப்போயிற்று. ஹெபிசிபா அத்தையின் பெயர். அன்றிலிருந்து இருபத்தைந்து வருடமாக அவர் பள்ளிக்கூட வாசல் வழியாக நடப்பதில்லை. சந்தைக்குப் போவதானாலும் கடலோரமாகச் சுற்றித்தான் போவார். ஒரு பெயருக்கே இப்படி என்றால் நாலாயிரம் பெயருக்கு ஊரே கடலோரமாக நடக்க வேண்டியதுதான்.

“இப்ப என்னப்பா பண்றது?” என்றார் தலைமையாசிரியர்.

லிசியாதே நிமிர்ந்து உட்கார்ந்தான். இந்தக் கேள்விக்காக அவன் இரண்டு வருடமாகக் காத்திருந்தான் என்றுகூடச் சொல்லலாம்.

“மூணு பிரதி, ரெண்டு விதம், ஒண்ணு வேற இடம். எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?”

உண்மையில் எத்தனை தடவை என்று யாராலும் சொல்ல முடியாது. மீன் சந்தையில், பாடகர் குழு ஒத்திகையில், படகுத்துறை வரிசையில், ஒரு முறை ஞானஸ்நான விருந்தில்கூட அவன் இதைச் சொல்லியிருக்கிறான். எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றி வைக்கலாமே என்று யாராவது சொன்னால் போதும், பொங்கிவிடுவான். “கடலுக்கடியில கேபிள் அறுந்து எத்தனை நாள் ஊமையா இருந்தோம், மறந்துபோச்சா? கேபிள் இல்லைன்னா உங்க இணையத்தை எந்தத் தென்னை மரத்துல ஏறிப் பறிப்பீங்க?”

அதனால்தான் கணிப்பொறிக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு ஹார்டு டிஸ்க்கை வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குக் கணிப்பொறி தன்னைத் தானே அதில் நகல் எடுத்துக்கொள்ளும்படி ஏற்பாடு. ஊரே தேவாலயத்தில் இருக்கும் நேரம், யாரும் தொந்தரவு செய்யமாட்டார்கள். “நான் பிரசங்கம் கேட்டுக்கிட்டிருக்கேன், அது எனக்காக உழைக்குது,” என்று பார்த்தவர்களிடமெல்லாம் பெருமையடித்தான். ரொட்டிக்கடை பேனி சிரித்தான். தலைமையாசிரியர் தலையாட்டினார். ஞாயிற்றுக்கிழமை கூவும் சேவலைக்கூட அதட்டுகிற, பள்ளியைப் பெருக்கும் கலோலைனே அக்கா மட்டும் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த ஏற்பாட்டில் ஒரு சின்னக் குறை உண்டு. திங்கட்கிழமை காலையில் வந்து பார்த்தால் கணிப்பொறி அணைந்து கிடக்கும். பொத்தானை அழுத்தினால் எழுந்துவிடும். ஞாயிறு இரவானால் கரண்டை நிறுத்துகிறார்கள் என்று மின்சார அலுவலகத்துக்கு மூன்று கடிதம் எழுதினான். நிறுத்தவே இல்லை என்று மூன்று பதில் வந்தது. “பொய் சொன்னாலும் ஒழுங்கா பதில் போடுறாங்க,” என்று மூன்றையும் கோப்பில் வைத்துக்கொண்டான்.

இன்றோ அழுத்தியும் எழவில்லை.

ஹார்டு டிஸ்க்கைத் தலைமையாசிரியருடைய மடிக்கணினியில் செருகினார்கள். ஒரே ஒரு கோப்பு இருந்தது. அதில் நாற்பத்தாறு பெயர்கள் இருந்தன. தேதி இரண்டு வருடத்துக்கு முந்தையது, ஒரு புதன்கிழமை. டிஸ்க்கை வாங்கிய அன்று லிசியாதே சோதித்துப் பார்ப்பதற்காகத் தன் கையாலேயே எடுத்த நகல்.

“அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்லையே,” என்றார் தலைமையாசிரியர்.

“இருக்க முடியாது! தினம் நீல விளக்கு எரியுது சார்!”

“விளக்கு எரியுது சரி. ரெண்டு வருஷத்துல ஒரு தடவையாவது திறந்து பாத்தியா?”

“நங்கூரம் போட்டவன் மணிக்கொரு தரம் முங்கிப் பாப்பானா?”

“காத்தடிச்சா பாப்பான்.”

லிசியாதே இந்தப் பதிலை மன்னிக்கவில்லை. டிஸ்க்கைப் பிடுங்கிப் பழையபடி கணிப்பொறியிலேயே செருகினான். தலைமையாசிரியர் சமாதானமாக, “மெஷினைத் தூக்கி வேற ரூம்ல போட்டுப் பாக்கலாமா?” என்றார்.

“சார், தெரியாத விஷயத்துல பேசாதீங்க. செத்ததை ஆட்டக்கூடாது. உள்ளே ஏதாவது அசைஞ்சா நாலாயிரம் பேரும் கொட்டிப்போயிடுவாங்க. ஊர்ல இருக்கிற ஒரே மெக்கானிக்கும் வியாழக்கிழமைதான் தலைநகரத்துலேருந்து வர்றான். அவன் வர்ற வரைக்கும் யாரும் அதைத் தொடக்கூடாது.”

“அப்ப மூணாவது?”

லிசியாதேயின் முகத்தில் அன்று முதல் தடவையாகப் புன்னகை வந்தது. மூன்றாவது பிரதி ஒரு பென்டிரைவ். மூன்று வாரத்துக்கு முன்னால் கடைசிப் பெயரும் சேர்ந்ததும் எடுத்தது. புயல் வந்தாலும் எலி வந்தாலும் கடைசிவரை காப்பாற்றப்படும் பொருள் ஒரு வீட்டில் எது என்று அவன் வெகுநேரம் யோசித்து, அதை அங்கேதான் வைத்திருந்தான். படுக்கைக்கு அடியில் பரப்பி வைத்த பாய்களுக்கு நடுவே மரப்பட்டையை அடித்துச் செய்த, பழுப்பும் கறுப்புமாகக் கோலமிட்ட பெரிய ஙாத்துச் சுருள் ஒன்று இருந்தது. அதன் ஓரத்தை மடித்து, பென்டிரைவை உள்ளே வைத்து, தானே ஊசி நூல் எடுத்துத் தைத்தான். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. இரண்டு பேருக்குத் தெரிந்தால் அது பாதுகாப்பு இல்லை என்பது அவன் கொள்கை.

ஒன்பதரை மணிக்கு வீட்டில் படுக்கையைத் தூக்கினான். சுருள் இல்லை.

“லுபே! இங்க இருந்த ஙாத்து எங்க?”

அவன் மனைவி லுபே சேப்பங்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். “ரொட்டிக்கடை பேனியோட அப்பா சாவுக்குக் குடுத்தேன். நீயும்தானே கூட வந்தே?”

“என்னைக் கேக்காம குடுத்தியா?”

“சாவு வீட்டுக்குக் கையை வீசிக்கிட்டுப் போகச் சொல்றியா? படுக்கைக்கு மேல இருக்கிறதைத்தான் உன்னைக் கேக்கணும். அடியில இருக்கிறது என்னோடது.”

“அதுக்குள்ள நாலாயிரம் பேரை வச்சுத் தைச்சிருந்தேன்!”

லுபே கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

விஷயம் புரிந்ததும் அவள் சொன்னது ஒன்றுதான். “போறியா, போ. ஆனா திருப்பிக் குடுன்னு மட்டும் வாயைத் திறந்துடாதே. குடுத்ததைக் கேட்டா நாளைக்கு நம்ம சாவுக்கு ஒருத்தன் ஒரு முழப் பாய் போடமாட்டான்.”

ஆகவே லிசியாதே மரியாதைக்கு இடுப்பில் பாயைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, கொளுத்தும் வெயிலில் தொவுலா கிராமத்துக்கு நடந்தான். ரொட்டிக்கடையில் பேனி இன்னும் துக்கக் கறுப்பில் இருந்தான்.

“ஒண்ணுமில்ல பேனி. நாங்க குடுத்த ஙாத்து இருக்கில்ல... அதோட கோலம் எப்படின்னு ஒரு தடவை பாக்கலாமான்னு வந்தேன்.”

பேனி மாவுக் கையை மெதுவாகத் துடைத்தான். “கோலத்தைப் பாக்க ரெண்டு மைல் நடந்தியா?”

“ஓரம் மட்டும் பாத்தாப் போதும்.”

“ஓரமா? ஏன், நாங்க ஓரத்தை வெட்டிட்டோம்னு யாராவது சொன்னாங்களா?”

“சேச்சே. நீளம் சரியா இருக்கான்னு...”

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. கடையில் ரொட்டி வாங்க நின்ற ஐந்து பெண்களும் வாங்காமல் நின்றார்கள்.

“எங்கப்பன் சாவுல குடுத்ததை அளந்து பாக்க வந்திருக்கே,” என்றான் பேனி. “நல்லா இருக்குப்பா. அது எங்கிட்ட இல்ல. அப்பாவோட அக்காதானே சாவு வீட்டுக்குப் பெரிய மனுஷி? முறைப்படி அவங்களுக்குப் போயிடுச்சு. தைரியம் இருந்தா அவங்ககிட்ட போய் அளந்து பாரு.”

பேனியின் அப்பாவுக்கு அக்கா ஒரே ஒருத்திதான். ஹெபிசிபா அத்தை.

அண்ணன் தம்பி வீடுகளில் அத்தை கேட்டால் எதையும் இல்லையென்று சொல்ல முடியாது. அத்தையிடம் எதையும் கேட்கவும் முடியாது. ஹெபிசிபாவோ ஊருக்கே அத்தை. லிசியாதே அவர் வீட்டு வாசலில் தரையில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு, இந்த முறை உண்மையையே சொன்னான். உண்மைக்கு எங்கும் ஒரு மதிப்பு இருக்கும் என்று அவன் நம்பினான்.

அத்தை தென்னங்கீற்று விசிறியை நிறுத்தாமல் கேட்டார். “உன் பள்ளிக்கூடம் முதல்ல என் பேரைத் தொலைச்சுது. இப்ப எல்லார் பேரையும் தொலைச்சுட்டு, என் பட்டைத்துணியை அவுத்துக் காட்டுன்னு கேக்குது. அப்படித்தானே?”

“தொலைக்கல அத்தை. மூணு பிரதி எடுத்தேன். மத்தவங்கதான்...”

“என் பேரு அதுல இருக்கா?”

“இருக்கு அத்தை. முதல் வேலையா உங்க பேரைத்தான் சேர்த்தேன். பக்கம் நூத்திப் பன்னெண்டு.”

“காட்டு.”

“அது... அந்த ஙாத்துக்குள்ள இருக்கு.”

விசிறி நின்றது. “அப்ப என் பேரே என் வீட்டுல ரெண்டு வாரம் இருந்திருக்கு. எனக்கே தெரியாம முந்தாநாள் கல்யாணத்துல தூக்கிக் குடுத்திருக்கேன்.”

“யார் கல்யாணத்துல அத்தை?”

“உன் தலைமையாசிரியன் மகளுக்குத்தான், வேற யாருக்கு? பள்ளிக்கூடத்து மேலதான் எனக்குக் கோபம். பொண்ணு மேல என்ன கோபம்?” அத்தை எழுந்து செருப்பைத் தேடினார். “நட. என் பேரை நானே வந்து பாக்கறேன்.”

அவர்கள் பாதி தூரம் வருவதற்குள் லுபே போன் செய்தாள்.

“என்ன சொல்லித் தொலைச்சே நீ?” அவள் குரலுக்குப் பின்னால் ஏதோ கிறீச்சிட்டது. “நாம குடுத்ததையெல்லாம் திருப்பிக் கேக்கறோம்னு ரொட்டிக்கடையிலேருந்து செய்தி போயிருக்கு. வாசல்ல பதினோரு பாய், மூணு ஙாத்து, ஒரு பன்னிக்குட்டி! பத்து வருஷத்துக்கு முன்னாடி நான் குடுத்த போர்வையைத் துவைச்சு மடிச்சுக் கொண்டாந்து வச்சுட்டுப் போறாங்க. ஒருத்தியும் என் மூஞ்சியைப் பாக்கல!”

“நான் அப்படிச் சொல்லவே இல்லையே. நீளம் சரியா இருக்கான்னுதான்...”

“நீளமா?” பன்றிக்குட்டிகூட வாயை மூடிக்கொண்டது. “பள்ளிக்கூடத்துக்கு வர்றேன். அங்கேயே இரு.”

லிசியாதேக்கு நெஞ்சு கொதித்தது. அவன் என்ன தப்பு செய்தான்? இந்த ஊரில் பொறுப்பாக நகல் எடுத்து வைத்தவன் அவன் ஒருவன்தான். நிறுத்தவில்லை என்று பொய்க்கடிதம் எழுதுகிறவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். கேட்காமல் தூக்கிக் கொடுக்கிறவர்கள் கோபப்படுகிறார்கள். ஜாக்கிரதையாக இருந்தவன் மட்டும் இடுப்பில் பாயைக் கட்டிக்கொண்டு வெயிலில் நடக்கிறான்.

தலைமையாசிரியரின் வீட்டில் அவர் மனைவி அத்தையைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்தார். வந்த விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் வெளுத்தது. “அந்தப் பெரிய சுருளா? வீட்டுல வைக்க இடமில்ல அத்தை. விழாவுக்கு வர்ற பெரியவங்க நடந்து வர்றதுக்குத் தரையில விரிக்கலாம்னு அன்னைக்குச் சாயங்காலமே பள்ளிக்கூடத்துக்குக் குடுத்துட்டேன். ஆபீஸுக்குப் பக்கத்துல இருக்கிற சாமான் அறையில வச்சிருக்காங்க.”

லிசியாதே சுவரைப் பிடித்துக்கொண்டான். காலையில் அவன் ஏழு முறை பொத்தானை அழுத்திய அறைக்கும் அந்தச் சுருளுக்கும் நடுவே ஒரு சுவர்தான் இருந்தது.

சாமான் அறை பூட்டியிருந்தது. சாவி கலோலைனே அக்காவிடம். கலோலைனே அக்காவோ சனிக்கிழமை சாயங்காலம் வேலையை முடித்துவிட்டு ஹுங்கா தீவுக்குப் போனவர். ஞாயிறு ஆராதனைக்குத் தங்கிவிட்டுத் திங்கட்கிழமை விடிவதற்குள் திரும்பி வருவது அவர் வழக்கம். இன்று காற்று பலமாக இருந்ததால் படகு வரவில்லை.

“ஒரு நாள்,” என்றான் லிசியாதே பல்லைக் கடித்துக்கொண்டு, “வருஷத்துல ஒரு நாள் அவங்க தேவைப்படுறாங்க. அன்னைக்குன்னு பாத்து ஊர்ல இல்ல!”

பூட்டை உடைக்கலாம் என்றான். அது சிட்னியில் இருக்கும் பழைய மாணவர்கள் செதுக்கி அனுப்பிய கதவு, தொட்டால் கையை ஒடிப்பேன் என்றார் தலைமையாசிரியர். ஜன்னல் வழியாக ஒரு மூங்கில் கழியை விட்டுச் சுருளை இழுக்கப் பார்த்தான். கழி ஒடிந்து பாதி உள்ளே விழுந்தது. அடுத்த கழியைத் தேடுவதற்குள் லுபே வந்துவிட்டாள். பன்றிக்குட்டியையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்திருந்தாள். யாருடையது என்று தெரியாததால் அதைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லையாம். பிறகு பேனி வந்தான். எதை அளக்கிறார்கள் என்று தானும் பார்க்க வேண்டும் என்றான்.

மணி நான்கு. நான்கேகால். அத்தை ஒரு நாற்காலியைக் கேட்டு வாங்கி, இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு அந்தப் பள்ளியின் முற்றத்தில் உட்கார்ந்தார். விசிறி மட்டும் அசைந்தது.

நான்கரைக்குக் கலோலைனே அக்கா குன்றேறி வந்தார். தோளில் ஒரு கூடை, காற்றில் கலைந்த தலை, கையில் சாவிக்கொத்து. முற்றத்தில் இத்தனை பேரைப் பார்த்ததும் தயங்கி நின்றார்.

“அக்கா, கேள்வி வேணாம். கதவைத் திறங்க,” என்றான் லிசியாதே.

அவர் திறந்தார். உள்ளே போய், கதவுக்குப் பின்னால் இருட்டில் எதையோ தட்டினார். விளக்கு ஒன்றும் எரியவில்லை. லிசியாதே அவரை இடித்துத் தள்ளாத குறையாக உள்ளே பாய்ந்தான். சுருளை இழுத்து முற்றத்தில் போட்டுப் பிரித்தான். பத்தடி, இருபதடி. பழுப்பும் கறுப்புமாகக் கோலங்கள் புல்லின் மேல் அலையலையாக விரிந்தன. அவனுடைய கோணல்மாணலான தையல் ஓரத்தில் இருந்தது. பல்லால் நூலை அறுத்தான். பிளாஸ்டிக் பையில் சுற்றிய பென்டிரைவ் உள்ளங்கையில் விழுந்தது.

லுபே மூச்சை விட்டாள். பேனிகூட, “அட,” என்றான்.

லிசியாதே எழுந்து நின்றான். பென்டிரைவை உயர்த்திப் பிடித்தான். காலையிலிருந்து விழுங்கிய அத்தனையும் தொண்டைக்கு வந்துவிட்டது.

“பாத்தீங்களா? எல்லாரும் பாத்துக்குங்க! கரண்டை நிறுத்துறான் ஒருத்தன். கேக்காம தூக்கிக் குடுக்கிறா ஒருத்தி. நடந்து வந்தா சந்தேகப்படுறான் ஒருத்தன். சாவியை எடுத்துக்கிட்டு ஊருக்குப் போயிடறாங்க இன்னொருத்தங்க. இத்தனைக்கும் நடுவுல இந்த நாலாயிரம் பேரைக் காப்பாத்தினது யாரு? மூணு பிரதி! ரெண்டு விதம்! ஒண்ணு...”

“லிசியாதே,” என்றார் தலைமையாசிரியர்.

“முடிச்சுக்கறேன் சார். ஒண்ணு வேற இடம்! மெஷினை நம்பாதே, மனுஷனை நம்பாதே...”

“லிசியாதே, உன் ரூம்ல விளக்கு எரியுது பாரு.”

எல்லோரும் திரும்பினார்கள். அலுவலக ஜன்னலுக்குள், மேசையின் மேல், கறுப்பு ஹார்டு டிஸ்க்கின் நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தலைமையாசிரியர் உள்ளே போய், யாரும் தொடக்கூடாத அந்தப் பொத்தானை ஒரு முறை அழுத்தினார். கணிப்பொறி ‘டிங்’ என்று ஒலித்தது.

“பக்கம் நூத்திப் பன்னெண்டு,” என்று அத்தை நாற்காலியிலிருந்து எழுந்தார்.

லிசியாதே உயர்த்திய கையை இறக்கவில்லை. இறக்க மறந்துவிட்டான். எல்லார் கண்களும் கலோலைனே அக்கா மேலும், கதவுக்குப் பின்னால் அவர் விரல் இன்னும் தொட்டுக்கொண்டிருந்த பழைய சுவிட்சின் மேலும் போய் நின்றன. அவர் முகம் சிவந்து, கூடையைக் கீழே வைத்தார்.

“கோச்சுக்காதே தம்பி, படகு வரல, ஓய்வுநாள்ல உன் மெஷினை வேலை வாங்கற பாவம் உனக்கு வேணாம்னு ரெண்டு வருஷமா சனிக்கிழமை சாயங்காலம் உன் ரூம் ப்ளக்கை இங்கதான் அணைக்கிறேன், திங்கக்கிழமை நீ வர்றதுக்குள்ள போட்டுடறேன், இன்னைக்கு ஒரு நாள்தான் தவறிடுச்சு.”